தாயின் கல்வித் தகுதி

ஜூலை 10, புதன்

பொறியியல் தரவரிசை வந்துவிட்டது. எங்கள் பிரதீபாவுக்கு நல்ல இடம். இந்த எண்ணுக்குச் சென்னையில் அரசாங்கத்தின் பெரிய பல்கலைக்கழகத்திலேயே சீட்டு கிடைக்கும் என்று இ-சேவை மையத்து ஜெயந்தி சொன்னாளாம். பிரதீபாவின் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர். மகள் பிறந்த அன்றைக்கே அரை நாள்தான் லீவு போட்ட மனிதர். இன்று மைசூர்பாகு பெட்டியோடு தெரு முழுக்கச் சுற்றினார். நாய்க்கு மட்டும்தான் கொடுக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில். துணியில் அறுந்த நூலைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. புது வருடத்துக்கு அவர்கள் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. மகள் ஊரை விட்டுக் கிளம்பும்வரை நடப்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பன்னிரண்டாவது படித்தவள் எழுத்து எப்படி இருந்தால் என்ன, படிக்கப் போவதும் நான்தானே.

ஜூலை 12, வெள்ளி

மூன்று பேரும் ஜெயந்தியின் கடைக்குப் போனோம். பல்கலைக்கழகத்தின் கட்டண விவரம் திரையில் இருந்தது, எல்லாம் ஆங்கிலம். ஜெயந்தி ஒவ்வொன்றாகச் சொல்ல, பிரதீபா கூட்டிக்கொண்டே வந்தாள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூலகம், விடுதி வாடகை, சாப்பாடு, எதற்கென்றே தெரியாத நாலு கட்டணம். முதல் வருடத்துக்குத் தொண்ணூறாயிரத்தை எட்டிவிட்டது.

அதில் ஒரு வரியை ஜெயந்தி தாண்டிப் போய்விட்டாள்.

"அதுக்குக் கீழ என்னமோ சின்னதா எழுதியிருக்குதே, அது என்ன ஜெயந்தி?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "அட, ஆமாங்க்கா. இந்த டெபாசிட் படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தருவாங்களாம்."

இப்படிக் கேட்டால் போதும், காரியம் நடந்துவிடும். கம்பெனியிலும் லேபிளில் தப்பு இருந்தால் 'இந்த எழுத்து வேற மாதிரி இருக்குதே' என்றுதான் கேட்பேன்.

வழியெல்லாம் அவர் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். "டெபாசிட்னா என்னன்னா கோகிலா, புள்ள கண்ணாடி கிண்ணாடி ஒடைச்சுப்போட்டா அதுல புடிச்சுக்குவாங்க. இல்லீனா திரும்பத் தந்துருவாங்க."

"அப்படீங்களா" என்றேன்.

அவருக்கு விளக்கப் பிடிக்கும். தினமும் சாயங்காலம் நான் வெங்காயம் உரிக்க, அவர் பேப்பர் படித்து எனக்கு அர்த்தம் சொல்வார். பத்தாவது ஃபெயில் என்பது அவருக்கு இன்னும் உறுத்தல். எனக்குச் சொல்லித் தரும்போது அந்த உறுத்தல் கொஞ்சம் தணியும்.

ஜூலை 13, சனி

ஏலச்சீட்டு எடுத்த பணம் அறுபத்தைந்தாயிரம் இருக்கிறது. மீதி இருபத்தைந்தாயிரம் இல்லை. அடுத்த மூன்று வருடமும் அதே இருபத்தைந்தாயிரம் குறையும். கடன் வாங்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். மாமியாரின் ஆஸ்பத்திரிக் கடனைப் போன வருடம்தான் அடைத்தோம்.

உதவித்தொகை என்று எத்தனை இருக்கிறது! ஒவ்வொன்றின் வாசலிலும் எங்களுக்கு மட்டும் ஒரு பூட்டு. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கட்டணமே இல்லையாம். பிரதீபாவை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றியது நாங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பீஸ் கட்டியதற்கு இதுதான் பலன். இன்னொன்றுக்கு வருமான வரம்பு இருக்கிறது. அவர் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் கூட்டினால் அதை ஒரு கரண்டி அளவு தாண்டிவிடுகிறோம். உதவி வாங்கவும் வழியில்லை, நாங்களே கட்டவும் வழியில்லை.

"கெடைக்கலீன்னா இங்கயே ஆர்ட்ஸ் காலேஜ்ல சேந்துக்கறம்ப்பா" என்று பிரதீபா சொன்னாள். சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். துணி எடுக்கவாம். துணி எல்லாம் நான் அப்போதே எடுத்து மடித்தாயிற்று.

ஜூலை 15, திங்கள்

ஜெயந்தியே வீடு தேடி வந்தாள். "அண்ணா, இதை எப்படி மறந்தோம்! முதல் பட்டதாரிச் சலுகை இருக்குதுங்களே. குடும்பத்துல யாருமே டிகிரி படிக்காம இருந்து, புள்ளதான் மொதல்ல படிக்கப் போகுதுன்னா கல்விக் கட்டணமே கட்ட வேண்டாம். தாலுகா ஆபீசுல சர்டிபிகேட் குடுப்பாங்க."

கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. சரியாக அந்த இருபத்தைந்தாயிரம்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "எங்க அப்பன் கைநாட்டு. நான் பத்தாவது ஃபெயிலு. இவ பன்னெண்டாவது. எங்களுக்கில்லாம வேற யாருக்கம்மா குடுப்பாங்க?" என்றார். படிக்காததை இவ்வளவு பெருமையாகச் சொல்லும் நாள் ஒன்று வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

கிராம நிர்வாக அலுவலர் ஒரு பெண். சின்ன வயது, பொறுமையாகப் பேசினார். தாலுகா ஆபீசுக்கு அவர்தான் விசாரித்து எழுத வேண்டும். பிரதீபா அப்பாவின் பத்தாம் வகுப்பு டி.சி.யைப் பார்த்தார், சரி என்றார். என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்.

"உங்க டி.சி. எங்கீங்கம்மா?"

"தொலைஞ்சு போச்சுங்க மேடம்."

"ஸ்கூல்ல கேட்டா நகல் குடுப்பாங்களே. அதைக் கொண்டாந்துருங்க, உடனே எழுதி அனுப்பிடறேன்."

வெளியே வந்ததும் அவர், "ஒரு காயிதத்தைப் பத்திரமா வெக்கத் தெரியுதா உனக்கு?" என்று கடிந்துகொண்டார். திட்டட்டும்.

ஜூலை 20, சனி

யாரும் படிக்காத டைரியிலும் பொய் எழுதுவது எனக்கே கேவலமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன். என் டி.சி. தொலையவில்லை. மேற்படிப்புக்குச் சேரும்போது அதைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருடம் படித்தேன். பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு.

எனக்கு வந்த மூன்று வரன்களும் 'பொண்ணு எச்சாப் படிச்சிருக்குது' என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். நான்காவதாக வந்தவர் நாச்சிமுத்து. குடிப்பழக்கம் இல்லை, கைத்தொழில் இருக்கிறது, நல்ல குடும்பம். பத்தாவது ஃபெயில். பன்னிரண்டாவது என்றே சொல்லிவிடலாம் என்று தரகர் சொன்னார், அண்ணன் தலையாட்டினார். நானும்தான் தலையாட்டினேன், அதை மறைத்து என்ன பயன்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் இருபத்தொரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமான ஒரு வாரத்தில் அவரிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். இரண்டாம் நாளே மாமியார், "எச்சாப் படிச்சவளுகளெல்லாம் என்ற பையன மதிக்க மாட்டாளுக. அதனாலதான் உன்னயப் பார்த்துக் கட்டுனோம்" என்றார். அன்றைக்கு மூடிய வாய்.

இன்று அண்ணனுக்குப் போன் செய்தேன். என் சான்றிதழ்கள் காங்கேயத்தில் அவர் வீட்டுப் பீரோவில்தான் இருக்கின்றன.

"அம்மிணி, கம்முனு இரு. இருபத்தொரு வருசம் ஓடிப்போச்சு. இப்ப வாயத் தொறந்தயின்னா மச்சான் மொகத்துல நான் எப்படி முழிக்கறது?"

"பொய்க் கையெழுத்து போடச் சொல்றயாண்ணா?"

"புள்ள படிக்கோணுமா, வேண்டாமா? அதை மட்டும் ரோசன பண்ணு."

வைத்துவிட்டார். அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 24, புதன்

என் பள்ளிக்கூடத்துக்கு அவரே போகிறாராம். "நீ லீவு போட்டா உனக்குச் சம்பளம் புடிப்பாங்க. நான் நாளைக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்றார். நானே போகிறேன் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். நான்காவது தடவை சொன்னால் ஏன் என்று கேட்பார்.

அந்தப் பள்ளியில் டி.சி. பதிவேடு நீளமாக, பச்சை அட்டையோடு இருக்கும். எதற்காக டி.சி. வாங்கினோம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு.

ஜூலை 25, வியாழன்

சாயங்காலம் திரும்பி வந்தார். காலைக் கழுவிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார்.

"பழைய ரிஜிஸ்டரையெல்லாம் கரையான் அரிச்சிருச்சாம். ஒண்ணும் இல்லீன்னுட்டாங்க" என்றார்.

கடவுளே, கரையானைப் படைத்ததற்கு உனக்குக் கோடி கும்பிடு.

ஜூலை 29, திங்கள்

அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது. நாலு நாளாகப் பேப்பர் படித்துக் காட்டவில்லை. மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். பட்டறையில் வேலை அதிகம் என்கிறார்.

இன்று பல்கலைக்கழகத்திலிருந்து பிரதீபாவின் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. எப்போதும் அவர்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பார். இன்று போனை என்னிடம் நீட்டினார்.

"நீ படி கோகிலா."

"எனக்கென்னங்க தெரியும்?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிரதீபாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். இவரைச் சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். பிரதீபா தோழிகளோடு தண்ணீரில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். புளிச்சாதத்தில் பாதியை அவர் தொடவே இல்லை.

திடீரென்று, "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா கோகிலா?" என்றார்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. சொன்னால் இவர் என்னை என்ன நினைப்பார்? பிரதீபாவின் இருபத்தைந்தாயிரத்துக்கு எங்கே போவார்?

"சிலிண்டர் தீரப் போகுதுங்க. புக் பண்ணோணும்" என்றேன்.

"சேரி" என்று எழுந்து போனார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெரிய பல்கலைக்கழகத்திலேயே சீட்டு. அவள் கேட்ட பிரிவு. பதினான்காம் தேதி போய்ச் சேர வேண்டும். சான்றிதழும் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுப் பணம்.

பிரதீபா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் வேறு எதற்கோ அழுதாள், நான் வேறு எதற்கோ.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அலுவலர் மேடம் எங்களுக்காக மெனக்கெட்டு வழி கண்டுபிடித்திருந்தார். "டி.சி. கெடைக்கலீனா உடுங்க. மூணு பேரும் ஒரு உறுதிமொழிப் பத்திரம் குடுங்க, நான் எழுதி அனுப்பிடறேன்" என்றார். பத்திரத்தை எங்களுக்குப் புரியட்டும் என்று சத்தமாகப் படித்துக் காட்டினார்.

'எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெற்றதில்லை. இது பொய்யெனப் பின்னர் தெரியவந்தால் சலுகைத் தொகையைத் திருப்பிச் செலுத்தவும் சட்டப்படியான நடவடிக்கைக்கு உட்படவும் சம்மதிக்கிறோம்.'

"யாருமே டிகிரி இல்லையில்லீங்க?" என்று கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது அவர்தான். இன்று அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க மேடம்" என்றேன்.

பிரதீபா முதலில் கையெழுத்துப் போட்டாள், அழகாக, ஒரு கோடு இழுத்து. அடுத்து நான். கல்யாணமானதிலிருந்து போடுகிற மாதிரியே தமிழில் ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகப் போட்டேன். பேனா அவரிடம் போனது. அவர் காகிதத்தை எடுத்து, மகளின் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணாடி கொண்டார மறந்துட்டனுங்க மேடம். வந்து போடறனுங்க" என்று எழுந்துவிட்டார். காகிதத்தையும் நாலாக மடித்து எடுத்துக்கொண்டார்.

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் பார்த்தேன். மேடமும் பார்த்திருப்பார்.

பிரதீபாவை ஜெயந்தி கடைக்கு அனுப்பிவிட்டு, என்னைப் பேக்கரிக்கு அழைத்துப் போனார். இரண்டு டீ வந்தது. காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஸ்கூல்ல ரிஜிஸ்டரைக் கரையான் ஒண்ணும் அரிக்கல கோகிலா."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"எட்மாஸ்டர் எடுத்து எங்கிட்டயே குடுத்தாரு. உன்ற பேரு நேரா, காலேஜ்ல சேர்றதுக்குன்னு எழுதியிருக்குது. பக்கத்துல உன்ற கையெழுத்து. இங்கிலீசுல. கண்டக்டரு விசில் ஊதற வேகத்துல போட்டிருக்கற." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அங்கிருந்து காங்கேயம் போயி மச்சான்கிட்டக் கேட்டேன். பீரோவத் தொறந்து காட்டீட்டாரு."

அண்ணன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏனுங்க அன்னைக்கே கேக்கல?"

"நீயாச் சொல்லுவீன்னு பார்த்தேன். பதினஞ்சு நாளாப் பார்த்தேன்."

டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நித்தமும் நான் பேப்பரப் படிச்சுப் படிச்சு உனக்கு அர்த்தம் சொன்னேன். தப்பாவும் சொல்லியிருப்பேன். உள்ளுக்குள்ள சிரிச்சயா?"

"சாமி சத்தியமா ஒருநாளும் இல்லீங்க."

"நம்பறதா வேண்டாமான்னு தெரியல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு வராத பையன் வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு காகிதத்தைக் கிழித்தார். "நாம சொன்ன பொய் நம்மளோட கெடக்கட்டும். புள்ளயோட பேரு எதுக்கு இதுல?"

ஆகஸ்ட் 10, சனி

பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டார். அடுத்த ஆடி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. வெறும் பத்திரம் செல்லாது, டி.சி. இருந்தால்தான் ஆகும் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டதாக மகளிடம் சொன்னார். நான் செய்ததற்கு அவர் பொய் சொல்கிறார், அதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பேசுகிறார். சாப்பாடு வேண்டும், சட்டை எங்கே, பெட்டிக்குப் பூட்டு வாங்கினாயா. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஊருக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தை நான் கண்டதில்லை. ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவே செருப்புத் தேய்ந்துவிடும். பணம் கட்ட ஒரு வரிசை, சான்றிதழ் காட்ட ஒரு வரிசை, விடுதிக்கு ஒரு வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவள் அம்மா அப்பா இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தலையைத் திருப்பிக்கொண்டு, அண்டர்வேர் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கட்டினார்.

கடைசியாக ஒரு படிவம். மாணவி பெயர், ஊர், இரத்த வகை. பிரதீபா மடியில் வைத்து மளமளவென்று நிரப்பினாள். தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில் யாரையும் கேட்காமல் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று எழுதினாள். அவர் கொஞ்சம் தள்ளி, பெட்டி மேல் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அதை அடிச்சுட்டு எழுது கண்ணு. பி.எஸ்சி. கணக்கு" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சுருக்கமாகச் சொன்னேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இருபத்தொரு வருடம் சொல்ல முடியாமல் தவித்தது நாலே வாக்கியம்தான்.

சலுகை போனதைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"பதினொண்ணாவதுல கணக்குல ஃபெயிலாயிட்டு வந்தனே. ரெண்டு நாள் சாப்புடாம அழுதனே. எனக்கு மூளையே இல்லைன்னு நெனச்சனேம்மா. டியூசனுக்குப் பஸ்ல போயிட்டுப் பஸ்ல வருவேன். நீ அடுப்பு முன்னாடி நின்னுட்டுத்தான இருந்த? என்ற நோட்டு அங்கயேதான கெடந்துச்சு?"

கிடந்தது. திறந்து பார்த்தேன். முதல் கணக்கிலேயே எங்கே தப்பு என்று தெரிந்தது. மூடி வைத்துவிட்டுத் தோசைக்கு மாவு எடுக்கப் போனேன். இதை எப்படி அவளிடம் சொல்வேன்?

"அடுத்தது யாரு? சீக்கிரம் குடுங்க" என்று மேசைக்காரர் கையை நீட்டினார்.

"சார், ஒரு நிமிசம். அம்மா படிப்பைத் தப்பா எழுதிட்டேன். மாத்தோணும்" என்றாள் பிரதீபா.

மேசைக்காரர் படிவத்தை அவள் கையிலிருந்து உருவி, முத்திரை குத்திக் கட்டோடு சேர்த்துவிட்டார்.

"அம்மா படிப்பெல்லாம் இங்க யாரும்மா பாக்கப் போறாங்க? நீ ஹாஸ்டல் லைனுக்குப் போ."

அவள் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவும் பின்னால் போனார். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். வரிசையில் வந்தவர்கள் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.